கடைமடைக்கு வந்த ரியால்

மேலூருக்குக் கிழக்கே, பெரியாற்றுக் கால்வாயின் கிளை ஒன்று மண்ணோடு மண்ணாகத் தேய்ந்து முடிகிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கருக்கு இருபோகம் என்றும், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கருக்கு ஒருபோகம் என்றும் தண்ணீர் திறக்கும் ஆண்டுகளில் செய்தித்தாளில் அச்சாகும். அந்த 85,563இல் எங்கள் குடும்பத்தின் முக்கால் ஏக்கரும் அடக்கம். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கடைசியில் வரும், முதலில் நிற்கும்; வராமலே போன ஆண்டுகளும் உண்டு. 1992இல் நான் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காகச் சவுதி அரேபியா போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டியதில்லை. 2014இல் திரும்பினேன். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் நான் அனுப்பிய பணம் எங்கே போயிற்று, வீட்டுக்கு என்ன செய்தது, ஊருக்கு என்ன செய்யாமல் விட்டது என்பதை, இனிமேல் போகப்போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படும்படி எழுதி வைக்க நினைக்கிறேன்.

ஊரிலேயே வறியவன்தான் வெளிநாடு போகிறான் என்று பலர் எண்ணுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படி நடக்கவில்லை. எனக்கு ஆன செலவு 42,000 ரூபாய். நிலத்தை ஒத்திக்கு விட்டதில் 18,000, அம்மாவின் தோட்டையும் அக்காவின் சங்கிலியையும் அடகு வைத்ததில் 9,000, மூன்று வட்டிக்கு வாங்கியது 15,000. ஒத்திக்கு விட நிலமும், அடகு வைக்க நகையும், நம்பிக் கடன் கொடுக்க ஓர் ஆளும் இருந்ததால்தான் நான் விமானம் ஏறினேன். என்னைவிட நேர்த்தியாகப் பலகை அடிக்கத் தெரிந்தவன் ஒருவன் என்னோடு மதுரையில் வேலை பார்த்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அவன் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போனான். வளர்ச்சி பற்றி ஆராய்கிறவர்களும் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஏழை நாடுகளில் வருமானம் உயர உயர வெளியேறுகிறவர் தொகை முதலில் கூடுகிறது என்றும், வாங்கும் திறன் அடிப்படையில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 டாலரை எட்டிய பிறகே அது குறையத் தொடங்குகிறது என்றும் மைக்கேல் கிளெமன்ஸ் என்னும் பொருளியலாளர் காட்டியிருக்கிறார். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம், மால்டாவின் வாலெட்டா நகரில் கூடி, ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் வருவதற்கான மூலகாரணங்களைத் தீர்ப்பதாகச் சொல்லி ஒரு நிதியம் தொடங்கியது. உதவி கொடுத்தால் ஆட்கள் ஊரிலேயே தங்கிவிடுவார்கள் என்ற அந்த எண்ணம் எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. எங்கள் ஊருக்குத் தார்ச்சாலையும் மேல்நிலைப் பள்ளியும் வந்த பிறகுதான் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் பெருகினார்கள்.

பம்பாயில் ஒரு லாட்ஜில் ஒன்பது பேர் ஓர் அறையில் 23 நாள் காத்திருந்தோம். மெடிக்கல் முடிந்து, ட்ரேட் டெஸ்ட் என்று ஒரு கொட்டகையில் தூணுக்குப் பலகை அடித்துக் காட்டி, மாதம் 900 ரியால் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டோம். சவுதியில் இறங்கிய மறுநாளே அரபியில் வேறொரு தாள் வந்தது. அதில் 700 என்று இருந்தது. பாஸ்போர்ட் ஏற்கெனவே அலுவலகப் பெட்டிக்குள் போய்விட்டதால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று போகிறவர்களுக்கு எங்களுக்கு இல்லாத சில பிடிமானங்கள் உண்டு. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தால் அவர் உண்மையான பதிவு பெற்றவரா என்பது தெரிந்துவிடும். அவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத வரியுமாக, மொத்தம் 35,400. இதற்கு மேல் கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப்பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஏஜெண்டுக்குக் கடன்பட்டுப் போவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் அன்று. என் அப்பத்தாவின் தகப்பனார் இலங்கைக்கு, அன்றைய பேச்சில் கண்டிச் சீமைக்கு, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணமும், வழிச்செலவும், மண்டபம் முகாமில் தங்கிய நாட்களின் செலவும் சேர்ந்து கடனாக ஏறும். அதை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் உள்ள தொகையை யார் அடைக்கிறாரோ அந்தத் தோட்டத்துக்குத்தான் ஆள் மாறலாம். 1921இல் அந்த முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள் என்று படித்தேன். அப்பத்தா என்னை வழியனுப்பும்போது ஏஜெண்டைப் பற்றி, "கங்காணி நல்லவனாப்பா?" என்றுதான் கேட்டார்.

முதல் மூன்று மாதச் சம்பளம் தாமதமாக வந்தது. வந்ததும் வங்கியில் டிராப்ட் எடுத்து, பதிவுத் தபாலில் அம்மா பேருக்கு அனுப்பினேன். அக்காலத்தில் அதுதான் வழி. அம்மாவின் பெயரின் கடைசியில் வரும் 'அம்மாள்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது சவுதியில் இருந்த எழுத்தர் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டார். மேலூரில் வங்கிக் கணக்கில் அந்த எழுத்து இல்லை. கவுண்டரில் இருந்தவர் டிராப்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனார். அதில் மூன்றாவது விதமாக எழுதியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி, அது போதாதென்று நோட்டரியிடம் ஒன்று வாங்கி, டிராப்ட் பணமாக 38 நாள் ஆயிற்று. அந்த 38 நாளைக்கும் மூன்று வட்டி ஓடியது. "கடுதாசி வந்துருச்சு, காசுதான் இன்னும் வரலப்பா" என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு அப்பா எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆதலால் பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, ஆதார், பான் ஆகிய நான்கிலும் உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று போவதற்கு முன் பாருங்கள். மனைவியின் கணக்கையும் பாருங்கள். நம்மவர் இனிஷியலை வெளிநாட்டுப் படிவங்களின் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் திணிக்கும்போது வருகிற குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை.

அப்போது ரியாலுக்கு ஏறக்குறைய 8 ரூபாய். சாப்பாடு என் செலவு. மாதம் 450 ரியால் அனுப்பினால் 3,600 ரூபாய் வீட்டுக்குப் போகும். வட்டியும் வீட்டுச் செலவும் போக 2,000 ரூபாய்தான் கடனில் கழியும். ஊரைவிட்டுப் போன 26ஆம் மாதம் ஒத்தி மீண்டது. என் ஒப்பந்தம் 24 மாதத்துக்கு. அதாவது முதல் ஒப்பந்தம் முழுவதும், அதற்கு மேலும் இரண்டு மாதம், நான் வெளிநாடு போன செலவை அடைப்பதற்கே வெளிநாட்டில் உழைத்திருக்கிறேன். போகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்: கைக்கு வருகிற சம்பளத்தில் சாப்பாட்டையும் வட்டியையும் வீட்டுச் செலவையும் கழித்து, மீதியால் கடனை வகுத்தால் வருகிற மாதங்கள் ஒப்பந்தத்தில் பாதியைத் தாண்டினால், அந்த விசாவை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிராப்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு நான்கு வருடம் உண்டியலில்தான் அனுப்பினேன். காலையில் கேம்பில் ரியாலைக் கொடுத்தால் மாலையில் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வங்கியைவிட விலையும் கூடுதலாகக் கிடைத்தது. அது சட்டவிரோதம் என்பது எங்களுக்குத் தெரியும். 1998இல் ஒரு முறை 3,000 ரியால் வாங்கியவர் காணாமல் போனார். யாரிடம் புகார் சொல்வது? அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது தெரிந்தது. நான்கு வருடம் நான் சம்பாதித்ததற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. பிறகு பணம் அனுப்பும் நிறுவனங்கள் வழியாகக் கணக்கிலேயே போடத் தொடங்கினேன். அவற்றில் கட்டணத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கட்டணம் 15 ரியால் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். ரியாலுக்கு 20 காசு குறைத்துப் பிடித்தால் 2,000 ரியாலுக்கு 400 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். உலக அளவில் இந்தச் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. ரூபாய் வீழ்ந்தால் எங்கள் கேம்பில் கொண்டாட்டம். 2013 ஆகஸ்டில் ரியால் 18 ரூபாயைத் தொட்டபோது கடன் வாங்கி அனுப்பியவர்களும் உண்டு. அதே வாரம் ஊரில் டீசலும் எண்ணெயும் விலை ஏறி, வெளிநாட்டில் ஆளில்லாத வீட்டார் என்ன பட்டார்கள் என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

நினைத்துப் பார்க்காமல் நான் செய்ததில் பெரியது போர்வெல். 1997இல் எங்கள் முக்கால் ஏக்கரில் 280 அடிக்குப் போட்டேன். கால்வாயை நம்பாமல் இரண்டு போகம் எடுக்கலாம் என்பது திட்டம். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இறைப்பதற்குச் செலவும் இல்லை. இரண்டாவது கோடையில் பக்கத்து நிலத்துக் கிணறு வற்றியது. அந்த நிலத்துக்காரர் எனக்குத் தாத்தா முறை. அவர் வீட்டிலிருந்து யாரும் வெளிநாடு போகவில்லை. விடுமுறையில் நான் வந்திருந்தபோது என்னைக் கூப்பிட்டுக் கிணற்று மேட்டில் நிற்க வைத்தார். அடியில் இருந்த பாறையில் ஈரம் மட்டும் கோடு போட்டது போலத் தெரிந்தது. சுவரில் தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "பேராண்டி, ஒன் துபாய்க் காசு என் கெணத்துத் தண்ணிய உறிஞ்சிருச்சேப்பா" என்றார். எங்கே போனாலும் அவருக்கு அது துபாய்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 2008 வரை எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பணத்தில் 14 போர்வெல் இறங்கின. கடைசியாகப் போட்டது 600 அடியைத் தாண்டியது. எனதும் 2004இல் வற்றிவிட்டது.

இத்தனைக்கும் ஊர் நடுவில் கண்மாய் இருக்கிறது. என் சிறு வயதில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வாய்க்காலையும் மடையையும் சீர்செய்கிற குடிமராமத்து வழக்கம் அரைகுறையாகவேனும் இருந்தது. ஆட்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனபின் மண்வெட்டி பிடிக்கிற தோள்கள் குறைந்தன. அனுப்பிய பணம் அந்தத் தோள்களுக்கு ஈடாகப் பொதுவில் வந்து சேரவில்லை. அவரவர் நிலத்தில் அவரவர் குழாயாக இறங்கியது. கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டியது. வெளிநாட்டுப் பணமும் ஊர் வளர்ச்சியும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் அந்தக் கிணற்றையும் அடுத்து இந்தக் கண்மாயையும்தான் காட்டுவேன். குடிமராமத்தை 2017இல் அரசே மீண்டும் ஒரு திட்டமாகத் தொடங்கியபோது, அந்தச் சொல்லையே கேட்டிராத பிள்ளைகள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

பெரிய கணக்குகளில் இந்தக் கிணறு தெரியாது. 2023இல் வளரும் நாடுகளுக்குத் தொழிலாளரும் மற்றவரும் அனுப்பிய பணம் ஏறக்குறைய 65,600 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. அதே ஆண்டில் பணக்கார நாடுகள் கொடுத்த வளர்ச்சி உதவி இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இந்தியாவுக்கு 2024இல் வந்தது சுமார் 12,900 கோடி டாலர்; உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24இல் வந்ததில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். வளைகுடாவின் ஆறு நாடுகளும் சேர்ந்து அனுப்பியது 38 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அமெரிக்கா மட்டும் 27.7 சதவீதம். கம்பி கட்டுகிறவனை எட்டிப் பிடிக்கக் கணினிக்காரர் வந்துவிட்டார் என்று இதைப் படித்துவிட்டு என் மகளிடம் சொன்னேன். இந்தத் தொகைகளைக் காட்டி, புலம்பெயர்ந்தவர்களே வளர்ச்சியின் கூட்டாளிகள் என்று மாநாடுகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது. நான் அனுப்பியது என் கூலி. மதகு கட்டுவதும் பள்ளிக்கு ஆசிரியர் போடுவதும் என் கூலியின் வேலை ஆகாது.

ஆனால் கூலியில் ஒரு துளியைப் பொதுவில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு முறை பார்த்தோம். மெக்சிகோவில் ஊர்ச் சங்கங்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு டாலர் அனுப்பினால், ஊராட்சியும் மாநிலமும் மத்திய அரசும் ஆளுக்கொரு டாலர் போடுகிற 'ஒன்றுக்கு மூன்று' என்னும் திட்டம் இருந்தது. நம்மிடமும் 'நமக்கு நாமே' திட்டம் உண்டு; மக்கள் ஒரு பங்கைக் கட்டினால் அரசு மீதியைப் போடும். 2006இல் எங்கள் ஊர்க்காரர் 23 பேர் வளைகுடாவில் இருந்தோம். ஆளுக்கு 100 ரியால் என்று இரண்டு தவணை வசூலித்து 55,000 ரூபாய் சேர்த்து, கண்மாயின் கீழ் மடைக்குப் புதுக் கதவு போடக் கொடுத்தோம். மதிப்பீட்டுக்கு ஓர் அலுவலகம், ஒப்புதலுக்கு இன்னோர் அலுவலகம் என்று அலைந்து, 14 மாதம் கழித்துக் கதவு வந்தது. அந்த 14 மாதத்தில் எங்களுக்குள் வந்த சந்தேகங்களை எழுதினால் தனிக்கதை ஆகும். அடுத்த ஆண்டு கோவில் கும்பாபிஷேகத்துக்கு மூன்று வாரத்தில் 4 லட்சம் சேர்ந்தது. சாமிக்கு மதிப்பீட்டு நகல் தேவைப்படவில்லை. ஊருக்காக வசூலிக்க நினைப்பவர்கள், ஊரில் இருக்கும் ஒரு பெண்ணையும் ஓய்வு பெற்ற ஒருவரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்குத் தொடங்குங்கள். ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். அன்று எங்களிடம் அது இல்லாததே பாதிச் சண்டைக்குக் காரணம். மடைக் கதவு இன்றும் வேலை செய்கிறது.

சொந்த விஷயத்தில் நான் செய்த பிழை, நிலம். 2001இல் ஒன்றரை ஏக்கர் வாங்கப் பணம் அனுப்பினேன். பத்திரம் அண்ணன் பேரில் பதிவாயிற்று. "வெளிநாட்டுல இருக்கிறவன் பேர்ல வெவசாய நெலம் வாங்க முடியாதுடா, அப்புறமா மாத்திக்கலாம்" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வேலைக்குப் போய்த் தங்கியிருக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. முன்னரே இருந்ததை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகப் பெறலாம், வீட்டு மனை வாங்கலாம். இது எங்கள் கேம்பில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. சொன்னதில் இரண்டாம் பாதி, மாற்றிக்கொள்வது, இன்றுவரை நடக்கவில்லை. மதினி வாய் திறந்து பேசுவதில்லை. பிள்ளைகள் கல்யாணத்துக்கு மட்டும் போய்வருகிறோம். ஊரில் இருக்கும் மனைவி பேரில், அவர் கையெழுத்தில், அவர் கணக்கிலிருந்து பணம் போனதாக இருக்க வேண்டும் என்பதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி 2002 வரை வங்கிக்குள் தனியாகப் போனதில்லை. நிலப் பிரச்சினைக்குப் பிறகு நான் பணத்தை அவருக்கு அனுப்பத் தொடங்கினேன். முதலில் சலானை எழுதத் தெரியாமல் வரிசையில் நின்றவரிடம் நீட்டியவர், இரண்டு வருடத்தில் மகளிர் குழுவுக்குக் கணக்கெழுதுகிறவர் ஆனார். டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டப் பழகினார். மகளை மதுரையில் பொறியியல் படிக்க வைக்கும் முடிவை எடுத்தவரும் அவரே. நான் மாடி கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி கட்டினார். இப்போது மேல் இரண்டு மாடியிலும் புறா இருக்கிறது. எங்கள் ஓட்டுவில்லை வீட்டை 2011 வரை மாற்றவில்லை. அனுப்பிய பணத்தில் வட்டியோடு திரும்பி வந்தது மகளின் படிப்பு ஒன்றுதான். அதற்கும் மதுரையில் கல்லூரியும் அங்கே போகப் பேருந்தும் முன்பே இருந்ததுதான் காரணம். அவை இல்லாத ஊரில் இதே ரியால் நான்காவது மாடியாக ஆகியிருக்கும்.

தாள்களைப் பத்திரப்படுத்துவது பற்றி எங்கள் மச்சான் கதை ஒன்று போதும். அவர் குவைத்தில் இருந்தவர். 1990 ஆகஸ்டில் ஈராக் நுழைந்தபின், பாலைவனம் கடந்து ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்து சேர்ந்தார். அப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கையில் ஒரு பையும் அதற்குள் பாஸ்போர்ட்டும் குவைத் அடையாள அட்டையும் சம்பளச் சீட்டுகளும் மட்டும் இருந்தன. துணிமணிகளை விட்டுவிட்டு இந்தக் குப்பையைத் தூக்கி வந்தாயே என்று அத்தை திட்டினார். சில ஆண்டுகள் கழித்து ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் வழியாக அவருக்குப் பணம் வந்தபோது அந்தக் குப்பைதான் சாட்சி. நானும் அதைப் பார்த்துப் பழகியதால் 2014இல் பணிக்கொடை கணக்குப் பார்க்கும்போது ஏமாறவில்லை. சவுதி சட்டப்படி முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். தானாக விலகினாலும் பத்தாண்டு முடிந்திருந்தால் முழுத்தொகை. கணக்கர் முதலில் நீட்டிய தாளில் ஆறு ஆண்டுகள் குறைந்திருந்தன. என் பழைய இகாமா (குடியிருப்பு அனுமதி அட்டை) நகல்களை மேசையில் அடுக்கியதும் ஒன்றும் பேசாமல் திருத்தினார்.

காப்பீட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் அரசுக் காப்பீட்டில் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் கிடைக்கும். மாரடைப்புக்கு அந்த 10 லட்சம் இல்லை. எங்கள் அறையில் இருந்த ஒருவர் ஜூலை மாதம் இரவில் தூக்கத்திலேயே இறந்தார். வெயிலில் உழைத்து மாய்ந்தவர்தான். ஆனால் சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. அந்த மூன்று மணி நேரத்தைக் காலை 4 மணிக்கே வேலை தொடங்கி ஈடுகட்டுவார்கள். தனியாக ஓர் ஆயுள் காப்பீடும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

திரும்பியபின் மேலூரில் சிறு அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். நான் கொண்டுவந்தவற்றுள் பணத்தைவிட நீடித்தது ஒரு பழக்கம். தூக்குக்குண்டைப் போட்டுக் கண்ணால் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. அங்கே ஒவ்வொரு தூணுக்கும் ரசமட்டம் நான்கு பக்கமும் பிடித்து, குமிழி இரு கோட்டுக்கு நடுவே நின்றால்தான் கான்கிரீட் வரும். சாரத்தில் ஏறும் ஆளுக்கு இடுப்புக் கயிறு கட்டச் சொன்னபோது உள்ளூர்க் கொத்தனார்கள் சிரித்தார்கள். இப்போது கட்டுகிறார்கள். திறமை திரும்பி வருவதைப் பற்றி எழுதுகிறவர்கள் மருத்துவர், பொறியாளர்களோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ரசமட்டத்தையும் கணக்கில் சேர்க்கலாம்.

என்னிடம் இப்போது ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். நால்வர் பீகாரிலிருந்து வந்தவர்கள். கடைமடையில் பிறந்து வளைகுடாவுக்குக் கூலியாகப் போனவன், அதே கடைமடையில் வெளியூர்க்காரருக்குக் கூலி கொடுக்கிறவனாக ஆனதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. முதலில் அவர்களை அழைத்துவந்த இடைத்தரகர் மூலம்தான் கூலி கொடுத்தேன். மூன்றாவது மாதம்தான் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் அவர் பிடித்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. பம்பாய் லாட்ஜில் நான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. அன்றோடு நேராகக் கொடுக்கத் தொடங்கினேன். சனிக்கிழமை மாலை அவர்கள் கைப்பேசியில் தட்டினால் தர்பங்காவில் இருக்கும் அம்மாவின் கணக்கில் அப்போதே ஏறிவிடுகிறது. 38 நாள் எங்கே, இது எங்கே என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா மகன் ஐ.டி.ஐ. முடித்தவன். சென்ற ஆண்டு ஓர் ஏஜெண்ட் கொடுத்த ஆஃபர் தாளோடு வந்தான். இ-மைக்ரேட்டில் அந்தப் பெயரே இல்லை. விசாவும் விசிட் விசா. "மாமா, எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்று கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. அவன் பத்தாம் வகுப்புத் தேறியவன் என்பதால், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசிடம் வாங்கும் குடியகல்வு அனுமதி அவனுக்குத் தேவையில்லை. அதனாலேயே எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாயமாக வரும் காப்பீடும் பதிவும் அவனுக்குத் தானாக வராது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை எடுத்துச் சொல்லி, தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்துவிட்டு வரச் செய்தேன். அழைப்பு வரும்வரை என்னிடம் வேலை பழகுகிறான்.

கேம்பில் நான் முதலில் கற்றுக்கொள்ள நேர்ந்த மொழி அரபி அன்று, இந்தி. ஃபோர்மேன் பாகிஸ்தானி, கம்பி கட்டியவர் நேபாளி, ஸ்டோர்க்காரர் வங்காளி. எல்லோருக்கும் நடுவே ஓடியது இந்திதான். அது தெரியாமல் முதல் ஆறு மாதம் நான் வாங்கிய வசவுக்கு அளவில்லை. இதை மருமகனிடம் சொன்னபோது இங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டான். போன வாரம் நாவினிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தூண் நிறுத்திக்கொண்டிருந்தோம். தர்பங்காப் பையன் ரசமட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தேடா ஹை" என்றான். மருமகன் குனிந்து குமிழியைப் பார்த்தான். முட்டுக்கொடுத்திருந்த கம்பைச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினான். "அபி?" என்று கேட்டான். "தோடா அவுர்." இன்னும் ஒரு தட்டு. "சீதா." மருமகன் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து, தேடா என்றால் கோணல், சீதா என்றால் நேர் என்று தமிழில் எழுதிக்கொண்டான்.